பின்னிரவில் ஏறும் சர்க்கரை

கீழக்கரையில் என் நண்பரின் மூத்த மகளுக்குத் திருமணம் நடந்த அன்று, இரவு எட்டரை மணிக்கு நெய்ச்சோறும் கறி ஆணமும் (கறிக் குழம்பும்) சாப்பிட்டுவிட்டுப் பாம்பனுக்குத் திரும்பி, பத்தரை மணிக்கு விரலைக் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டரில் 148 என்று வந்தது. வெறும் ரசம் சோறு சாப்பிட்ட நாட்களிலேயே இரண்டு மணி நேரத்தில் 200ஐத் தாண்டிவிடும் எனக்கு அந்த எண் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. மனைவியை அழைத்துக் காட்டினேன். சோற்றில் நெய் சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்று அலைபேசியில் சுற்றிக்கொண்டிருந்த செய்தி உண்மைதான் போலிருக்கிறது என்றும் சொன்னேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தபோது 246 இருந்தது.

என்னுடைய காலை அளவு சாதாரணமாக 130ஐ ஒட்டியே இருக்கும். ஸ்ட்ரிப் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடியும் குத்தினேன். 241 என்று வந்தது. அந்த வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் என் குறிப்பைப் பார்த்தவர், இரவில் இனிப்புச் சாப்பிட்டதை மறைக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். தொதலும் வட்டலப்பமும் கண்ணெதிரே இருக்க, இரண்டையும் தொடாமல் எழுந்து வந்த எனக்கு அந்தச் சொல் மிகவும் உறைத்தது. இனிப்பைத் தொடாமலே இது எப்படி நடந்தது என்று கண்டறிய வேண்டும் என்ற பிடிவாதம் அன்றுதான் பிறந்தது.

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது 2011இல் தெரியவந்தது. பத்து ஆண்டுகள் மாத்திரையில் ஓடின. 2021 முதல் மாத்திரையோடு காலையும் இரவும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவன் என்பதால் வரவும் செலவும் ஒரே நாளில் நேர்வதில்லை என்பது எனக்குப் பழகிய செய்தி. இன்று படகில் ஏறிய ஐஸுக்கு உரிய பணம் படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போன பிறகுதான் வரும். ஆனால் உணவுக்கும் அப்படி ஒரு தவணை இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்து அளவு நன்றாக இருந்தால் அந்த வேளையின் கணக்கு முடிந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

இராமநாதபுரத்தில் நான் பிறகு பார்த்த மருத்துவர் பொறுமையானவர். அவர் முதலில் கேட்டது, அதிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை பார்த்தீர்களா என்பதைத்தான். இரவு இன்சுலினால் நடு இரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, அதைச் சரிக்கட்ட உடல் தானே குளுக்கோஸை இறக்கிவிட்டாலும் காலையில் அளவு உயரக்கூடும் என்றும், பொழுது விடியும் நேரத்தில் சுரக்கும் சில ஹார்மோன்களாலும் உயர்வு வரும் என்றும், இவை இரண்டும் இல்லையென்றால் சாப்பாட்டின் கொழுப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் விளக்கினார். கொழுப்பில் சர்க்கரை இல்லையே என்றேன். இல்லைதான், ஆனால் அது இருக்கிற சர்க்கரையின் போக்கை மாற்றும் என்றார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். சோறு, இடியாப்பம், இட்லி போன்ற மாவுச்சத்து உணவுகள் குடலில் விரைவில் குளுக்கோஸாகி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அதே சோற்றோடு நெய்யோ எண்ணெயோ தேங்காய்ப்பாலோ நிறையச் சேர்ந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ஆகவே இரண்டு மணி நேரத்தில் பார்க்கும்போது சோற்றின் ஒரு பகுதி இன்னும் வயிற்றிலேயே இருக்கும், எண்ணும் குறைவாகவே தெரியும். அதன் பிறகு மீதிச் சோறு குளுக்கோஸாகி வந்து சேரும்போது, கொழுப்பு செரித்து உண்டான கொழுப்பு அமிலங்களும் இரத்தத்தில் கூடியிருக்கும். அவை இன்சுலினின் வேலையைத் தடுப்பதோடு, கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை அதிகமாக வெளியிடவும் வழிசெய்கின்றன. இப்படித் தாமதமாக வரும் உயர்வு மூன்றாம் மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, கொழுப்பின் அளவைப் பொறுத்து எட்டு மணி நேரம் வரைகூட நீடிக்கும். இரவில் சாப்பிட்டால் அந்த நேரம் முழுவதும் நாம் தூக்கத்தில்தான் இருப்போம்.

இதற்குச் சான்றாக, அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தார் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் அவர் குறிப்பிட்டார். முதல் வகை நீரிழிவு உள்ள ஏழு பேருக்கு, மாவுச்சத்தையும் புரதத்தையும் இரண்டு நாளும் மாற்றாமல் வைத்து, ஒரு நாள் 10 கிராம் கொழுப்பும் மற்றொரு நாள் 60 கிராம் கொழுப்பும் உள்ள இரவு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு மிகுந்த நாளில் சராசரியாக 42 சதவீதம் கூடுதல் இன்சுலின் தேவைப்பட்டது; அப்படியும் சர்க்கரை உயர்ந்தே இருந்தது. ஆளுக்கு ஆள் அந்தத் தேவை வெகுவாக மாறுபட்டதும் அதில் தெரிந்தது. அவர்களுடைய நோய் வகை வேறு, என்னுடையது வேறு என்பதால் அந்த 42ஐ எனக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. ஆனாலும் சோற்றை மட்டும் அளந்தால் போதும் என்ற என் எண்ணம் அத்தோடு கலைந்தது.

என் உடம்பில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நோட்டுப் போட்டேன். மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துப் பெண் வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிடுகிறார். ஸ்ட்ரிப் வாங்கும் செலவு மட்டும் என்னுடையது. ஆகையால் தினமும் குத்திப் பார்க்க இயலவில்லை. வாரத்தில் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டேன். ஒரே கிண்ணத்தில் அளந்த சோறு, ஒரே நேரத்தில் சாப்பாடு, மருத்துவர் எழுதிய அதே அளவு இன்சுலின். சாப்பிட்ட இரண்டு, நான்கு, ஆறு மணி நேரங்களிலும் விடிந்ததும் அளவு பார்ப்பது என்பது ஏற்பாடு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டால் மனைவி விழித்துக்கொள்வாள் என்று அலைபேசி வெளிச்சத்தில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தி, கடுகளவு இரத்தம் திரளும் வரை காத்திருப்பேன். முதல் நாளே அவள் விழித்துக்கொண்டு, “என்னங்க, நம்ம வீட்டுலயே திருடப் போற ஆள் மாதிரி இருட்டுல என்ன பண்றீங்க?” என்று கேட்டாள்.

ரசமும் கீரைப் பொரியலும் சேர்த்துச் சாப்பிட்ட இரவில் இரண்டாம் மணி நேரத்தில் 212 வந்தது. நான்காம் மணி நேரத்தில் 158 ஆகி, காலையில் 134இல் நின்றது. அதே அளவு சோற்றோடு, தேங்காய் சேர்க்காமல் புளிக்கரைசலில் வைத்த விளைமீன் குழம்பும் இரண்டு பெரிய துண்டு மீனும் சாப்பிட்ட இரவில் 178, 163, காலையில் 137 என்று வந்தன. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்போடு எண்ணெயில் பொரித்த மீனும் சேர்ந்த இரவில் இரண்டாம் மணி நேரத்தில் 166 வந்ததைப் பார்த்து, விஷயம் தெரியாத பழைய ஆளாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன். நான்காம் மணி நேரத்தில் அது 219 ஆனது, காலையிலும் 188க்குக் கீழே இறங்கவில்லை. கடைப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட இரவை நினைத்தாலே எரிச்சல் வருகிறது: 184, பிறகு 251, காலையில் 229. வீட்டில் பயன்படுத்தும் இத்தகைய மானிகள் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் ஒவ்வோர் எண்ணையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நான்கு இரவுகளின் போக்கும் நான்கு விதமாக இருந்ததை மானியின் பிழை என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் குறிப்புகளைக் காட்டிய பிறகுதான் எங்கள் அடுப்படியில் பேச்சு ஆரம்பமானது. எங்கள் வீட்டில் மீன் குழம்புக்கு மூன்று பேருக்கு அரை மூடித் தேங்காய் என்பது மனைவி தன் தாயிடமிருந்து பெற்ற கணக்கு. அவள் துருவியில் உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தபோது, துருவலை அப்படியே தட்டில் வாங்கி நிறுத்துப் பார்த்தேன். 120 கிராம் இருந்தது. நூறு கிராம் பச்சைத் தேங்காயில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. ஆக, அந்த ஒரு குழம்பில் 40 கிராம் கொழுப்பு, ஆளுக்குப் பதின்மூன்று கிராம். பொரித்த மீன் குடித்த எண்ணெயும் தாளிப்பும் தனி. மீனில் இயற்கையாக இருக்கும் கொழுப்பு இவற்றோடு ஒப்பிட்டால் பொதுவாகக் குறைவு. குற்றவாளி மீன் இல்லை, மீனுக்கு நாம் உடுத்திவிடும் உடுப்புதான் என்று சொன்னேன். அவள் துருவியை நிறுத்திவிட்டு, தேங்காய் இல்லாத குழம்பை மருத்துவர் வந்து சாப்பிடட்டும் என்றாள். கடைசியில், அவளுக்கும் பையனுக்கும் வழக்கம்போல் குழம்பு, எனக்குத் தேங்காய் சேர்ப்பதற்கு முன்பே ஒரு சட்டியில் இரண்டு கரண்டி எடுத்து வைப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது. முண்டு மிளகாயின் காரமும் புளியும் மட்டும் உள்ள அந்தக் குழம்பு எனக்கு இப்போது அதிகம் பிடித்திருக்கிறது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

புரதத்தின் கதை கொழுப்பின் கதையைவிடச் சற்றுச் சிக்கலானது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. அதே நேரத்தில், கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றும் குளுக்ககான் என்ற எதிர் ஹார்மோனையும் சுரக்கச் செய்கின்றன. என்னைப் போல ஓரளவு சொந்த இன்சுலின் மிச்சமிருப்பவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடுவதால், மீனோ முட்டையோ மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவாக நகர்வதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சொந்த இன்சுலின் இல்லாததால் குளுக்ககானின் கை ஓங்கி, புரதம் மிகுந்த உணவுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு சர்க்கரை ஏறுவதுண்டு. தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவன், முதல் வகை நோயாளி, கணவாய் வறுவலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு சோறே தொடவில்லையே, ஏன் ஏறியது என்று குழம்பியதற்குக் காரணம் இதுதான். ஒருவருக்குச் சரியாக இருப்பதை மற்றவருக்கு அறிவுரையாகச் சொல்லக் கூடாது என்பதை அவனைப் பார்த்துத்தான் கற்றேன்.

எனக்கு மிகவும் பலன் தந்தது சாப்பிடும் வரிசை. நியூயார்க்கில் பதினொரு இரண்டாம் வகை நோயாளிகளை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் உண்டு, கால் மணி நேரம் கழித்து ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் எடுத்துக்கொண்டபோது, ஒரு மணி நேரத்துச் சர்க்கரை ஏறத்தாழ 37 சதவீதம் குறைந்திருந்தது. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் சோறும் மீனும் ஒரே கவளத்தில் போகின்றன. பிரித்துத் தின்பது முதலில் நாகரிகமற்ற செயலாகவே தோன்றியது. இப்போது காய்ப் பொரியலையும் மீன் துண்டையும் முதலில் முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன். முள் பார்த்துத் தின்பதற்கே பத்து நிமிடம் ஆகிவிடும் என்பதால் சூடை, காரல் போன்ற பொடிமீன் இதற்கு மிகவும் உகந்தது.

சிறுநீரகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புரதம் நல்லது என்று கேள்விப்பட்டதும் இரண்டு வேளையும் மீனைக் குவித்துக்கொள்ள நினைத்தேன். மருத்துவர், சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்த பிறகே அதைப் பேசலாம் என்று நிறுத்திவிட்டார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தை அளவோடுதான் உண்ண வேண்டும். கருவாட்டுக்கு வேறொரு தடை: அதில் புரதம் நிறைய இருந்தாலும் உப்பும் மிக அதிகமாக இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ள எனக்கு அது மாதத்துக்கு ஒரு நாள் என்று ஆகிவிட்டது. கருவாடு இல்லாத பழைய சோற்றுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

என்னைப் பயமுறுத்திய இரவு ஒன்று உண்டு. உறவினர் வீட்டு விருந்தில், கறியில் சர்க்கரை இல்லை என்ற அரைகுறை அறிவோடு, சோற்றை இரண்டு கைப்பிடியாகக் குறைத்து, எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறியை நிறையச் சாப்பிட்டேன். இன்சுலின் மட்டும் வழக்கமான அளவிலேயே போட்டிருந்தேன். ஒன்பதரை மணிக்குக் கை நடுங்கி, நெற்றி வியர்த்து, எதிரில் இருப்பவர் பேசுவது எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஆனது, பார்த்தால் 58. பையில் எப்போதும் வைத்திருக்கும் கடலைமிட்டாய் இரண்டைத் தின்றேன். இருபது நிமிடம் கழித்தும் 55தான். கடலையில் கிட்டத்தட்ட பாதி எடை கொழுப்பு. ஏற்கெனவே கறிக்கொழுப்பால் மெதுவாகிப்போன வயிற்றில் அதையும் போட்டால் வெல்லம் எப்போது இரத்தத்துக்கு வந்து சேரும்? மனைவி மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் 92 ஆனது. காலையில் 214. கறியும் கடலையும் கரைத்துக் குடித்த சர்க்கரையும் சேர்ந்து தாமதமாக வசூலித்த தொகை அது.

அன்றிலிருந்து 70க்குக் கீழே இறங்கினால் எனக்குக் குளுக்கோஸ் தூள் அல்லது வெறும் சர்க்கரைதான், ஏறத்தாழ 15 கிராம். கால் மணி நேரத்தில் மறுபடியும் பார்க்கிறேன். கடலைமிட்டாய், சாக்லேட், பிஸ்கட், பால் இவை எதுவும் அந்த நேரத்துக்கு உதவாது. சோற்றைக் குறைக்கப் போகிற நாளில் எத்தனை யூனிட் போடுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான்காம் மணி நேரத்தில் 220 பார்த்தாலும், பதறிப்போய் நானாகக் கூடுதலாக ஊசி போட்டுக்கொள்வதில்லை. முன்பு போட்டதன் வேலை முடியாதபோதே அடுத்ததை ஏற்றினால் விடியற்காலையில் ஆபத்தான தாழ்வு வரலாம்.

மீன்பிடித் தடைக்காலம் எனக்கு வேறொரு பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வள்ளத்தில் போய்ப் பிடித்துவரும் மீனின் விலையைக் கேட்டாலே கை பின்வாங்கும். 2023இல் அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் சாம்பாரும் உருளைக்கிழங்கும் சோறுமாக ஓடின. மீன் இருந்த இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. ஜூலையில் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c என்ற இரத்தப் பரிசோதனை) 7.4 சதவீதத்திலிருந்து 8.3க்குப் போயிருந்தது. ஐஸ் கம்பெனியும் அந்தக் காலத்தில் பாதி மூடிக் கிடப்பதால் எனக்கு நடையும் இல்லாமல் போனது; ஆகவே மீனின்மை ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் இந்தியர் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2025இல் வெளியான ஆய்வைப் படித்தபோது, எங்கள் வீட்டுத் தடைக்காலத் தட்டுத்தான் நினைவுக்கு வந்தது. இப்போது ஏப்ரல் பிறந்ததும் முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், மோர் என்று முன்கூட்டியே திட்டமிடுகிறோம். பயறில் புரதத்தோடு மாவுச்சத்தும் உண்டு என்பதால், அதைச் சோற்றுக்கு மேல் சேர்க்காமல் சோற்றுக்குப் பதிலாக வைக்கிறோம். நடைக்கு, மாலையில் பாம்பன் கடற்கரையில் கரையேற்றிய படகுகளைச் சுற்றி ஒரு நடை.

இரவு உணவை ஏழு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்வதும் இந்தக் குறிப்புகளால் வந்த பழக்கம்தான். கொழுப்பான உணவு தவிர்க்க முடியாத நாளில் அதை மதியத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். தாமதமாக ஏறினாலும் நான் விழித்திருக்கும்போது ஏறட்டும், நடக்கவும் பார்க்கவும் முடியும். அத்தகைய நாட்களில் இரண்டாம் மணி நேரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டு ஐந்தாம் மணி நேரத்துக்கு அந்த ஸ்ட்ரிப்பைச் சேமித்து வைக்கிறேன்.

சென்ற ஆண்டு கீழக்கரை நண்பரின் இளைய மகளுக்குத் திருமணம் நடந்தது. மதிய விருந்து, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடும் ஏற்பாடு. பொதுத் தாலத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்பதால், தயங்கித் தயங்கி ஒரு தனித்தட்டுக் கேட்டு வாங்கினேன். கறியில் கொழுப்பை ஒதுக்கிவிட்டு, அதையும் வெங்காயப் பச்சடியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, ஒரு கிண்ண அளவு நெய்ச்சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் மணி நேரத்தில் 152, ஐந்தாம் மணி நேரத்தில் 187, மறுநாள் காலை 131. “அண்ணே, எங்க சஹன்ல கை வைக்க உங்களுக்கு என்ன குறை வந்துச்சு?” என்று நண்பர் அன்று கேட்டார். நோட்டைக் காட்டி விளக்கினேன். கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.